கூரை நனைந்த மத்தியானம்

சென்னை வண்டி இன்னும் ஒரு மணி நேரம் தாமதம் என்று ஒலிபெருக்கி சொன்னதும், அரியலூர் ரயில் நிலையத்தில் காத்திருந்தவர்கள் எல்லாரும் சலித்துக்கொண்டார்கள். ஜெயசுதா மட்டும் நடைமேடைக் கூரை முடிகிற இடத்தைத் தாண்டிப் போய், வெட்டவெளியில் நின்று முகத்தை மேலே தூக்கினாள். மதியத்துக்கு இன்னும் நேரம் இருந்தது. அதற்குள் உச்சந்தலை கொதித்தது.

‘அடி. இன்னும் நல்லா அடி’ என்று சூரியனிடம் சொன்னாள்.

அக்னி நட்சத்திரம் தொடங்கி ஒரு வாரம் ஆகியிருந்தது. பெரம்பலூர், அரியலூர் இரண்டு மாவட்டத்தையும் சேர்த்தால்கூட, வெயில் ஏறட்டும் என்று வேண்டிக்கொண்டிருந்த ஒரே ஆள் அவளாகத்தான் இருந்திருப்பாள். அவளுக்குப் பரீட்சைக்குப் போகிற பிள்ளையைப் போலவும் இருந்தது, திருவிழாவுக்குப் போகிற பிள்ளையைப் போலவும் இருந்தது.

“ஏம்மா, நெழலுக்கு வந்து நில்லு. மயக்கம் போட்டு வுழுந்துரப் போற” என்றாள் வெள்ளரிப்பிஞ்சுக் கூடையோடு உட்கார்ந்திருந்த பெண்.

“வுழ மாட்டேங்க. இதான் என் தொழிலே.”

“வெயில்ல நிக்கிறதா?”

“ஆமாங்க.”

அந்தப் பெண் அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டுக் கூடையைக் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொண்டாள்.

தொழில் என்று அவள் சொன்னது ஹாட் யோகா. நாலு பக்கமும் அடைத்த கூடத்தில், நாற்பது டிகிரி சூட்டில், ஒன்றரை மணி நேரம் மூச்சுப் பயிற்சியும் ஆசனங்களும். சென்னையில் ஹீட்டர் போட்டு அறையைச் சூடாக்குவார்கள். பெரம்பலூரில் அதற்கு அவசியமே இல்லை. துறையூர் ரோட்டில் அமிர்தலிங்கத்தின் சின்ன வெங்காய குடோனுக்கு மேலே, தகர ஷீட் போட்ட நீளமான கூடம் ஒன்று பூட்டிக் கிடந்தது. போன வருஷம் வாடகைக்கு இடம் தேடி அலைந்தபோது, ஒரு மத்தியானம் அவள் அதைத் திறந்து பார்த்தாள். உள்ளேயிருந்து அனல் வந்து மூஞ்சியில் அறைந்தது. “இது ஆவாதும்மா, கோழி கூடத் தங்காது” என்றார் அமிர்தலிங்கம். “இதுதாங்க வேணும்” என்றாள் ஜெயசுதா. அவர் இன்றுவரை அந்த அதிர்ச்சியிலிருந்து மீளவில்லை.

ஊரே நிழலில் ஒதுங்குகிற இரண்டரை மணிக்கு அவளுடைய வகுப்பு தொடங்கும். மாடிப்படியில் ஏறும் பெண்களைப் பார்த்து எதிர் டீக்கடையில் “அடுப்பு யோகாவுக்குப் போறாங்க” என்று சிரிப்பார்கள். அதற்குப் பதில் சொல்ல பாப்பாயி இருந்தாள். குரும்பலூர்ப் பக்கம் பருத்திக்கும் மக்காச்சோளத்துக்கும் களை எடுத்துவிட்டு நேரே வகுப்புக்கு வருகிறவள். இடுப்புவலிக்காக வந்து ஒட்டிக்கொண்டவள். “காலையிலேர்ந்து வெயில்லதான கெடக்குற, இங்கயும் வந்து வேர்க்கணுமா?” என்று டீ மாஸ்டர் கேட்டபோது, “அங்க வேர்த்தா காட்டுக்காரனுக்கு, இங்க வேர்த்தா எனக்கு. நீ டீய ஆத்து” என்று சொல்லிவிட்டுப் படியேறினாள்.

ஜெயசுதாவுக்குச் சூடு பிடித்துப்போனதற்கு வேறு காரணம் இருந்தது. அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

சென்னையில், அவளுடைய கல்யாணம் விவாகரத்துப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டு முடிந்துபோன வாரம், ஆபீஸ் ஏ.சி.யில் உட்கார முடியாமல் உடம்பு நடுங்கியது. சாயங்காலம் வீட்டுக்குப் போகிற வழியில் ஒரு மாடியில் ‘சூடான அறையில் யோகா’ என்று பலகை தொங்கியது. சூடு என்கிற ஒரு சொல்லுக்காக ஏறிப் போனாள். உள்ளே இருபது முப்பது பேர் தலையிலிருந்து கால்வரை ஒழுகிக்கொண்டிருந்தார்கள். பத்தாவது நிமிஷம் அவள் அழ ஆரம்பித்தாள். வியர்வையோடு வியர்வையாகக் கண்ணீரும் ஓடியது. யாருக்கும் தெரியவில்லை. பக்கத்தில் நின்றவள்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. இப்படி ஓர் இடம் உலகத்தில் இருக்கிறதா என்று அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. மறுநாளும் போனாள். அதற்கடுத்த வருஷம் ஆபீஸை விட்டுவிட்டு, அங்கேயே ஆசிரியர் பயிற்சியில் சேர்ந்தாள்.

சூடு அவளுக்கு ஒரு போர்வை. அதைப் போர்த்திக்கொண்டால் எதையும் மறைக்கலாம்.

இன்றைக்கு அந்தப் பயிற்சிப் பள்ளியிலிருந்து சிவரஞ்சனி மேடம் வருகிறார். ஒரு முழு வகுப்பைக் கூடவே நின்று பார்ப்பார். கூடம் சரியாக இருக்கிறதா, சூடு சரியாக இருக்கிறதா, ஜெயசுதா ஆசிரியையாக நிற்கிறாளா என்று பார்த்து ஒத்துக்கொண்டால், பள்ளியின் பேரிலேயே அரியலூரிலும் ஒரு கூடம் திறக்கலாம். அங்கே சிமெண்ட் ஆலைக் குடியிருப்புப் பெண்கள் ஆறு மாதமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஒத்துக்கொள்ளாவிட்டால் அரியலூர் மட்டும் இல்லை, பெரம்பலூரிலும் பள்ளியின் பேர் போட்ட பலகையைக் கழற்றியாக வேண்டும். மறுபடி ஏதாவது ஓர் ஆபீஸ், ஏதாவது ஓர் ஏ.சி.

வண்டி வந்தது. சிவரஞ்சனி தோளில் ஒரே ஒரு பையோடு, சுருட்டிய பாயோடு இறங்கினார். ஐம்பது வயது இருக்கும். நரைத்த முடியைக் குட்டையாக வெட்டியிருந்தார். குறைவாகப் பேசுகிறவர்.

“வெயில் நல்லா இருக்கு” என்றார் முதல் வார்த்தையாக.

ஜெயசுதாவுக்கு அவரைக் கட்டிப்பிடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

பெரம்பலூருக்கு வாடகைக் காரில் போகும் வழியெல்லாம் சுண்ணாம்புக்கல் லாரிகள் புழுதியைக் கிளப்பிக்கொண்டு எதிரே வந்தன. ஜெயசுதா நிறுத்தாமல் பேசினாள். “நேத்து நாப்பத்தொண்ணு போச்சு மேடம். ஹீட்டரே இல்லாம. நீங்க உள்ள வந்தவுடனே வெங்காய வாசன அடிக்கும், அது ஒண்ணும் பண்ணாது, ரெண்டு நிமிசத்துல பழகிடும். எங்க பொண்ணுங்க மூச்சு விடுறதக் கேட்டீங்கன்னா, ஹோன்னு அலை மாதிரி இருக்கும்.”

“கேக்கணும்” என்றார் சிவரஞ்சனி.

குடோன் வாசலில் கார் நின்றபோது ஜெயசுதாவின் கண்ணில் முதலில் பட்டது, வாசலில் தேங்கியிருந்த தண்ணீர். மழையா? வானத்தில் ஒரு பொட்டு மேகம் கிடையாது. அண்ணாந்து பார்த்தாள். மாடியின் ஷீட் விளிம்பெங்கும் தண்ணீர் முத்து முத்தாகச் சொட்டிக்கொண்டிருந்தது. கூரையின் மேல் பச்சைத் தென்னங்கீற்றுகள் அடுக்கடுக்காகக் கிடந்தன. அவற்றின் மேல் ஒரு ஹோஸ் பைப், தலையை ஆட்டிக்கொண்டு பீய்ச்சி அடித்தது.

அமிர்தலிங்கம் வெள்ளை வேட்டியில், முகமெல்லாம் பல்லாக, கையில் ஒரு பெரிய எவர்சில்வர் தூக்கோடு ஓடி வந்தார்.

“வாங்க வாங்கம்மா, மெட்ராஸ்லேர்ந்து வந்துருக்கீங்க. டீச்சரம்மா, ஒங்கிட்ட சொல்லலன்னு கோச்சுக்கக் கூடாது. வூட்டுக்கு ஒரு பெரிய மனுசி வர்றப்ப கொதிக்கிற எடத்துல கொண்டுபோயா உக்கார வெக்கிறது? காலையில அஞ்சு மணிக்கே ஆளுவள வுட்டுக் கீத்து போட்டுட்டேன். அப்பலேர்ந்து மோட்டார் ஓடுது. உள்ள போய்ப் பாருங்க, ஊட்டிதான்! இந்தாங்க, மோரு.”

ஜெயசுதா மோரை வாங்காமல் படிக்கட்டைப் பார்த்தாள். கூடத்துச் சாவியை வைத்திருந்த மாணவி இலக்கியா, துணிக்கடையில் வேலை பார்க்கிறவள், படிக்கட்டில் நின்றுகொண்டு கையைப் பிசைந்தாள்.

“நீங்கதான் சொல்லியிருப்பீங்கன்னு மொதல்ல நெனச்சேன் டீச்சர். அப்புறம் கேட்டா, ‘டீச்சருக்குத் தெரிய வேணாம், சந்தோசப்படட்டும்’னாரு.”

பெண்கள் எல்லாரும் மேலே ஏற்கனவே வந்திருந்தார்கள். ஆளுக்கு ஒரு டம்ளர் மோர் குடித்துவிட்டு, காலை நீட்டி உட்கார்ந்து, சுவரில் சாய்ந்து, கல்யாண வீட்டில் போலப் பேசிக்கொண்டிருந்தார்கள். கதவருகே மாட்டியிருந்த வெப்பமானி முப்பத்தொன்று காட்டியது.

“டீச்சரு, இன்னிக்கு என்னா சொகமா இருக்கு!” என்றாள் பாப்பாயி. “தெனமும் இப்புடி வெச்சாதான் என்னவாம்?”

சிவரஞ்சனி வெப்பமானியைப் பார்த்தார். ஜெயசுதாவைப் பார்த்தார். பின்வரிசையில் ஓர் ஓரமாகப் போய்த் தன் பாயை விரித்தார். பெண்களோடு பெண்ணாக நின்றுகொண்டார். அவ்வளவுதான். வகுப்பு தொடங்கியாயிற்று என்று அர்த்தம்.

கீற்றை அள்ளிக் கீழே போடச் சொல்லலாமா? ஷீட் மறுபடி காய ஒரு மணி நேரமாவது ஆகும். வகுப்பைத் தள்ளி வைக்கலாமா? சாயங்கால வண்டிக்கு அவர் திரும்ப வேண்டும். ஜெயசுதாவின் மூளை எலி போல நாலு மூலைக்கும் ஓடியது. ஓடிக்கொண்டே இருந்தபோது அடியில் வேறொரு கேள்வி மெதுவாகத் தலை தூக்கியது. அதைத்தான் அவளால் பார்க்க முடியவில்லை.

சூடு இல்லையென்றால் நான் இவர்களுக்கு என்ன சொல்லிக்கொடுத்தேன்?

இத்தனை மாதமும் வேலை பார்த்தது வெயில்தானோ? இவள் அதன் பக்கத்தில் நின்று கை காட்டிக்கொண்டிருந்தாளோ?

“எல்லாரும் எழுந்திரிங்க” என்றாள். “இலக்கியா, கதவ சாத்து.”

முதலில் எப்போதும் நின்றபடி மூச்சுப் பயிற்சி. பாதங்களைச் சேர்த்து வைத்து, இரண்டு கை விரல்களையும் கோத்து, மோவாய்க்கு அடியில் வைத்துக்கொள்ள வேண்டும். மூக்கால் மூச்சை இழுக்கும்போது முழங்கைகள் இரண்டும் இறக்கை போலக் காதுக்கு மேலே ஏறும். பிறகு தலையைப் பின்னால் சாய்த்து, முழங்கைகளை முகத்துக்கு முன்னால் ஒன்றாகக் கொண்டுவந்து, வாயால் மூச்சை முழுவதும் வெளியே விட வேண்டும்.

“இழுங்க… மேல, மேல, மேல…”

முழங்கைகள் ஏறின.

“விடுங்க…”

முழங்கைகள் இறங்கின. அவள் அந்த அலைச் சத்தத்துக்காகக் காத்திருந்தாள்.

சத்தம் இல்லை.

கூரையில் தண்ணீர் சொட்டுகிற ஓசைதான் கேட்டது. டீக்கடை ரேடியோ கேட்டது. ஹாலில் இத்தனை பெண்கள், ஒருத்தியிடமிருந்தும் மூச்சு வெளியே வருகிற சத்தம் இல்லை.

“இன்னொரு தடவ. இழுங்க… விடுங்க.”

இப்போது அவள் பேசாமல் கேட்டாள். வரிசையில் நடந்துபோய் ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். வியர்வை இல்லாத முகங்கள். முதல்முறையாக அவற்றை அப்படியே பார்க்கிறாள். இழுக்கிற மூச்சு எல்லாருக்கும் நன்றாகப் போனது. மார்பு விம்மியது, கழுத்து நரம்பு புடைத்தது. விடு என்று சொன்னதும் உதடு இறுக மூடிக்கொண்டது. கையும் தலையும் போக வேண்டிய இடத்துக்குப் போயின. மூச்சு மட்டும் மூக்கின் ஓரமாக, திருட்டுத்தனமாக, கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்தது.

அப்படியானால் தினமும் அவள் கேட்ட அந்த அலை? அது இளைப்பு. சூடு தாங்காமல் நாக்கு தள்ளியது. அதைப் போய் மூச்சுப் பயிற்சி என்று மேடமிடம் பெருமை பேசியிருக்கிறாள்.

அவள் முகம் சிவந்தது. வெட்கத்தோடு கூடவே வேறு ஏதோ ஒன்றும், புதையல் கிடைத்தவளின் பரபரப்பு, சேர்ந்துகொண்டது. ஏதோ ஒன்று இங்கே இருக்கிறது. இவ்வளவு நாளும் சூட்டுக்கு அடியில் கிடந்திருக்கிறது.

“அக்கா” என்று பாப்பாயியிடம் போனாள். “ஏங்க்கா வாயத் தொறந்து விட மாட்டேங்குறீங்க?”

“வுட்டேனே.”

“விடல. நான் கேட்டேன். சத்தமே வரல.”

பாப்பாயி பக்கத்தில் இருந்தவர்களைப் பார்த்தாள். ஒரு கள்ளச் சிரிப்பு சிரித்தாள். “சத்தமா வுட்டா அது பெருமூச்சுல்ல?”

“பெருமூச்சுதான். அதுக்கென்ன?”

“அடுத்தவங்க எடத்துல நின்னுகிட்டுப் பெருமூச்சு வுடுவாங்களா டீச்சரு? அமிர்தலிங்கம் ஐயா யாவாரம் பண்ற எடம், வெளங்குமா? மூட்ட மூட்டையா வெங்காயம் கெடக்கு கீழ.”

ஹாலெங்கும் ஒரே சலசலப்பு.

“எங்க மாமியா, ‘வெளக்கு வெச்ச வூட்டுல ஏன்டி மூச்சு வுடுற’ம்பாங்க” என்றாள் ஒருத்தி.

“எனக்கு ஒரு தடவ அடியே வுழுந்துருக்கு. சோறு பொங்குறப்ப வுட்டுட்டேன்.”

“புள்ளைக்குப் பால் குடுக்குறப்ப வுடக் கூடாது.”

“எங்க கடையில கூட, மொதலாளியம்மா கல்லாவுல இருந்தா விட மாட்டோம்” என்றாள் இலக்கியா. அவளுக்கு வயது இருபத்திரண்டு.

வங்கியில் வேலை பார்க்கும் பானுப்ரியா இதையெல்லாம் கேட்டுச் சிரித்தாள். “இதெல்லாம் ஒரு நம்பிக்கையா? நான் அதெல்லாம் பாக்கறதில்ல.”

“அப்ப நீங்க விட்டுக் காட்டுங்க பானு” என்றாள் ஜெயசுதா.

பானுப்ரியா நம்பிக்கையோடு முழங்கையைத் தூக்கினாள், இழுத்தாள், தலையைச் சாய்த்தாள். வாய் திறந்தது. தொண்டை அடைத்துக்கொண்டது. இன்னொரு முறை முயன்றாள். வரவில்லை. அவள் சிரிப்பு நின்றது. “என்ன டீச்சர் இது?” என்றாள் குழந்தை போல.

“எங்க, நீ வுட்டுக் காட்டேன்” என்றாள் பாப்பாயி, ஜெயசுதாவைப் பார்த்து. உரிமையில் ‘நீங்க’ போய்விட்டிருந்தது.

எல்லாருடைய கண்ணும் அவள் மேல். பின்வரிசையில் சிவரஞ்சனியின் கண்ணும்.

ஜெயசுதா விரல்களைக் கோத்தாள். வகுப்பில் இதை அவள் செய்ததே இல்லை. ஆசிரியை செய்துகாட்டுவதில்லை, சொல்லித்தான் நடத்த வேண்டும், அதுதான் முறை. ஒன்றரை மணி நேரமும் வாயிலிருந்து வார்த்தை வந்துகொண்டே இருக்கும். வார்த்தையோடு சேர்ந்து மூச்சும் போய்விடுவதாக அவள் நினைத்திருந்தாள். இழுத்தாள். முழங்கைகள் ஏறின. நுரையீரல் நிறைந்தது. தலையைப் பின்னால் சாய்த்து வாயைத் திறந்தாள்.

நின்றுவிட்டது.

நெஞ்சுக்குழிக்கு மேலே, ஒரு கை வைத்து அழுத்தியது போல. அந்தக் கையை அவளுக்குத் தெரியும். கையெழுத்துப் போட்டுவிட்டு ஊருக்கு வந்த அன்று, குரும்பலூர் வீட்டு வாசற்படியில் காலை வைத்தபோது அவளிடமிருந்து ஒரு மூச்சு வெளியே கிளம்பியது. “உள்ள வர்றப்பவே வா, பெருமூச்சு வுட்டுகிட்டு வராத. தம்பிக்குப் பொண்ணு பாத்துகிட்டு இருக்கோம்” என்றாள் அம்மா. கோபமாகச் சொல்லவில்லை. பயத்தில் சொன்னாள். ஜெயசுதா அதைப் பாதியில் விழுங்கிக்கொண்டு உள்ளே போனாள். அந்தப் பாதி இன்னும் அங்கேயே இருக்கிறது. சென்னையின் சூடான அறையில் கண்ணீர் போயிற்று, வியர்வை போயிற்று, இது போகவில்லை.

தண்ணீர் சொட்டியது. எல்லாரும் காத்திருந்தார்கள். இந்தக் குளிர்ந்த கூடத்தில் போர்த்திக்கொள்ள ஒன்றும் இல்லை.

விட்டாள்.

முதலில் அது கரகரத்தது. பிறகு மூச்சு தன் பாட்டுக்கு வெளியே வந்தது. இவ்வளவு நீளமாக இருக்கும் என்று அவளுக்கே தெரியாது. வந்துகொண்டே இருந்தது. முழங்கைகள் முகத்துக்கு முன் சேர்ந்தன, தொப்புள் முதுகெலும்போடு ஒட்டியது. மாட்டு வண்டி மேடேறி நிற்கும்போது மாடு விடுமே, அந்தச் சத்தம். கண்ணில் நீர் வந்தது. மறைக்க வியர்வை இல்லாததால் எல்லாரும் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

“யாத்தே!” என்றாள் பாப்பாயி.

“வாங்க” என்றாள் ஜெயசுதா. அவள் குரல் மாறியிருந்தது. “இன்னிக்கு ஆசனம் அப்புறம். மொதல்ல இது. இந்த எடம் யாரு எடம்? வகுப்பு நடக்குறவரைக்கும் நம்ம எடம். இங்க விடுற மூச்சு எந்த வூட்டையும் ஒண்ணும் பண்ணாது. இழுங்க!”

ஆசனங்களை ஒத்திப் போட்டால் வகுப்பு முழுதாக முடியாது என்று அவளுக்குத் தெரியும். முழுதாக முடியாத வகுப்பை மேடம் ஒத்துக்கொள்ள முடியாது என்றும் தெரியும். தெரிந்தே சொன்னாள்.

முழங்கைகள் ஏறின.

“விடுங்க!”

பாப்பாயி விட்டாள். ஹாலே திடுக்கிட்டது. அத்தனை களைச் செடியையும் ஒரே பிடியில் பிடுங்கியது போல ஒரு சத்தம். விட்டுவிட்டு அவளே பயந்து வாயைப் பொத்திக்கொண்டாள். யாரோ களுக்கென்று சிரித்தார்கள். சிரிப்பு பற்றிக்கொண்டது. சிரிக்கும்போது உதடு திறந்தது. திறந்த உதட்டின் வழியாக அடுத்த மூச்சு வந்தது. இலக்கியா விட்டாள், விசில் போல. அவள் பக்கத்தில் நின்றவள் விட்டுவிட்டு, “இது எங்க மாமியாளுக்கு” என்றாள். அடுத்தவள், “இது கேஸ் சிலிண்டர் தூக்குனதுக்கு.” பானுப்ரியா கடைசியாக விட்டாள். விட்டவள் அப்படியே பாயில் உட்கார்ந்து, வெட்கமில்லாமல், சத்தமாக அழுதாள். யாரும் அவளைத் தேற்றவில்லை. எல்லாரும் அவளோடு சேர்ந்து அடுத்த மூச்சை இழுத்தார்கள்.

ஜெயசுதா பேசுவதை நிறுத்திவிட்டாள். முன்னால் நின்று முழங்கையைத் தூக்குவாள், எல்லாரும் தூக்குவார்கள். விடுவாள், எல்லாரும் விடுவார்கள். இப்போது வந்தது அலை. சுவரில் மோதித் திரும்பியது. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. அவளுடைய உள்ளங்கால்வரை என்னவோ துடித்தது. இதுதானா, இதுதானா என்று உள்ளே ஒரு குரல் குதித்துக்கொண்டே இருந்தது.

படபடவென்று கதவு தட்டப்பட்டது. அமிர்தலிங்கம் கதவைத் தள்ளிக்கொண்டு தலையை நீட்டினார். முகம் வெளுத்திருந்தது.

“என்னா ஆச்சு? யாருக்கு என்னா ஆச்சு? கீழ மூட்ட தூக்குறவனுவல்லாம் பயந்துகிட்டு நிக்கிறானுவ. ஏதோ எழவு வூட்டுல மாதிரி மூச்சு வருது!”

“யாருக்கும் ஒண்ணும் ஆவலங்க. பயிற்சி” என்றாள் ஜெயசுதா.

“இம்புட்டுப் பெருமூச்சா? எங் குடோன்லயா?” அவர் சுவரைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார். “நான் எதுனா தப்பு பண்ணிட்டனா டீச்சரம்மா? தண்ணி ஒத்துக்கலயா? மோட்டார நிறுத்திரட்டுமா?”

“நிறுத்துங்க ஐயா” என்றாள் பாப்பாயி. “நிறுத்திட்டு வந்து நீங்களும் ஒண்ணு வுடுங்க. வெங்காய வெல எறங்கிப் போச்சேன்னு எத்தன நாளா வெச்சுருக்கீங்க.”

ஹால் அதிர்ந்தது. அவர் சிரிப்பதா ஓடுவதா என்று தெரியாமல் நின்றார். பிறகு, திரும்பிப் படியிறங்கும்போது, பாதிப் படியில், அவரிடமிருந்து ஒரு நீண்ட மூச்சு கேட்டது. யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டிருப்பார்.

மோட்டார் நின்றது. வெளியே வெயில் இன்னும் வெறியோடுதான் இருந்தது. ஈரக் கீற்றிலிருந்து ஆவி எழுந்தது. ஷீட் ‘டக் டக்’ என்று விரிகிற சத்தம் கேட்டது. வெங்காய வாசனை சுவரிலிருந்து மெல்ல இறங்கியது. அவர்கள் ஆசனங்களைத் தொடங்கியபோது எல்லார் முதுகும் நனைந்திருந்தது. அந்த வியர்வையில் பாதிக்கு மேல் அவர்களே உண்டாக்கியது. அரைச்சந்திர ஆசனத்தில் பக்கவாட்டில் வளைந்தபோது யாரும் இளைக்கவில்லை. ஒவ்வொரு வளைவிலும் மூச்சு போகிற இடம் தெரிந்தது. நேரம் போதவில்லை. பாதி ஆசனங்கள் மிச்சம் இருக்கும்போதே மணி நாலு ஆகிவிட்டது. கடைசியாகச் செய்யும் கபாலபாதிக்கு மண்டியிட்டு உட்கார்ந்தார்கள். வயிற்றை உள்ளே தள்ளித் தள்ளி மூச்சைத் துரத்தும்போது, முப்பது பெண்கள் ஒரே நேரத்தில் துருத்தி ஊதினால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது. வெப்பமானியை யாரும் பார்க்கவில்லை.

சிவரஞ்சனி பின்வரிசையில் கடைசிவரை செய்தார். வகுப்பு முடிந்து எல்லாரும் மல்லாந்து படுத்திருந்தபோது, ஜெயசுதா அவரைத் தாண்டி நடந்தாள். அவர் கண்ணை மூடியிருந்தார். காதோரம் ஈரமாக இருந்தது. வியர்வையா என்னவென்று ஜெயசுதா பார்க்கவில்லை.

இருவரும் காரில் அரியலூருக்குத் திரும்பினார்கள். லாரிகள் போய்க்கொண்டே இருந்தன. ஜெயசுதாவுக்கு உடம்பு லேசாகி, ஜன்னல் வழியாகப் பறந்துவிடும் போல இருந்தது. தோற்றுவிட்டேன் என்று ஒரு பக்கம் நினைத்தாள். பரவாயில்லை என்று நினைக்க முயன்றாள், அது பொய். பரவாயில்லாமல் இல்லை. அரியலூர் வேண்டும். முன்பைவிட இப்போது இன்னும் அதிகமாக வேண்டும். நேற்றுவரை அங்கே போய்ச் சொல்லிக்கொடுக்க அவளிடம் வெயில்தான் இருந்தது. இன்றைக்கு வேறொன்று இருக்கிறது.

நடைமேடையில் வெயில் சாய்ந்திருந்தது. வெள்ளரிப்பிஞ்சுப் பெண் கூடையைக் காலி செய்துகொண்டிருந்தாள்.

“நான் பாக்க வந்த வகுப்பு இது இல்ல ஜெயசுதா” என்றார் சிவரஞ்சனி, தண்டவாளத்தைப் பார்த்தபடி. “சூடு இல்ல. பாதி ஆசனம் இல்ல. நீங்க செஞ்சு காட்டுனீங்க, அது கூடாது. பேச வேண்டிய எடத்துல பேசல.”

“ஆமா மேடம்.”

“இத அப்படியேதான் பள்ளியில சொல்லணும்.”

“சொல்லுங்க மேடம்.”

தூரத்தில் வண்டியின் ஹாரன் கேட்டது. சிவரஞ்சனி பாயைத் தோளில் மாட்டிக்கொண்டார்.

“இருபது வருசமா சொல்லிக்குடுக்குறேன்” என்றார். “எனக்கும் இன்னிக்குத்தான் அந்த மூச்சு வந்துச்சு.”

வண்டி உள்ளே நுழைந்து, சத்தத்தோடு நின்றது. அவர் ஏறினார். வாசலில் நின்று திரும்பினார்.

“அரியலூர்ல எடம் பாத்துட்டீங்களா?”

“பாத்துட்டேன் மேடம். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடி.”

“கூரை?”

“தகர ஷீட்டு மேடம்.”

“மேல தண்ணி விட வசதி இருக்கா? மொதல் அரைமணி நேரத்துக்கு?”

வண்டி நகர்ந்தது. ஜெயசுதா தலையை ஆட்டினாள், ஆட்டிக்கொண்டே கூட நடந்தாள், பிறகு ஓடினாள். “இருக்கு மேடம்! இல்லாட்டியும் வெச்சுருவேன்!” சிவரஞ்சனி கையைத் தூக்கினார். கடைசிப் பெட்டியும் போனது. சிவப்பு விளக்கு சின்னதாகி மறைந்தது.

ஜெயசுதா நடைமேடையின் நடுவில் நின்றாள். முழங்கைகளைத் தூக்கவில்லை, விரல்களைக் கோக்கவில்லை. வாயைத் திறந்து, அத்தனை பேருக்கு நடுவில், உள்ளே இருந்ததையெல்லாம் சத்தமாக வெளியே விட்டாள்.

“ஏம்மா” என்றாள் வெள்ளரிப்பிஞ்சுப் பெண் கலவரத்தோடு, “பொழுது சாயுற நேரத்துல இப்புடி மூச்சு வுடுற? காலையிலயும் வெயில்ல நின்ன. என்னம்மா கஷ்டம் ஒனக்கு?”

“கஷ்டம் இல்லக்கா” என்றாள் ஜெயசுதா. சிரிப்பு தாங்கவில்லை. “அடுத்த மாசம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடி வாங்க. மத்தியானம் ரெண்டரைக்கு. நீங்களும் விடலாம்.”